துறைமுகத்திலிருந்து வந்த தூள்

மூட்டைகளில் பெயர் இல்லை, எண் இல்லை. அதுவே ஒட்டிலிக்குப் பிடிக்கவில்லை.

கரிபிப் ஊரின் தண்டவாளத்தை ஒட்டி இருந்த அந்தக் கல் மெருகுக் கொட்டகையில் அவள் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. செவ்வந்திக்கல், நீலச் சோடலைட், ரோஜா நிறக் குவார்ட்ஸ் என்று எது வந்தாலும், உடைத்த கல்லை ரப்பர் ஒட்டிய இரும்புப் பீப்பாயில் போட்டு, தண்ணீரும் சலவைச் சோடாவும் கரட்டுத் தூளும் சேர்த்து மூடி, வாரக்கணக்கில் உருள விடுவார்கள். முனைகளைத் தின்று கல்லை உருட்டுவது அந்த முதல் தூள்தான். அதில் பிசகினால் அப்புறம் எத்தனை மெருகுத் தூள் போட்டாலும் கல் பல்லிளிக்கும். எந்தத் தூள், எத்தனை கரடு, எந்தக் கல்லுக்கு எவ்வளவு என்பதை ஒட்டிலிதான் சொல்லுவாள். மேலாளர் லோதர்கூட அதில் தலையிட்டதில்லை, இந்த மூட்டைகள் வரும்வரை.

அவள் ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தாள். அவர்கள் வழக்கமாக வாங்கும் கார்பரண்டம் கரட்டுத் தூள் விரலைக் கடிக்கும். இது நழுவியது. உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து அழுத்தி இழுத்தாள். கீறல் விழுந்தது, ஆனால் மேலோட்டமாக. வெயிலில் உள்ளங்கையை விரித்துப் பார்த்தபோது கறுப்புக்கு நடுவே வெள்ளி வெள்ளியாக ஏதோ மின்னியது. நகத்தால் அமுக்கினாள். தட்டையாகிவிட்டது.

"இது எங்க வாங்கினது சார்?"

"வால்விஸ் பே துறைமுகத்துல. கப்பல்ல பெயிண்ட் சுரண்ட அடிக்கிற தூள். கப்பலையே சுரண்டுது, உன் கல்லைச் சுரண்டாதா?" லோதர் சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

"ஒருக்கா அடிச்ச தூளு சார் இது. முனையெல்லாம் செத்துப் போச்சு. உள்ள அலுமினியச் செதில் வேற கெடக்கு. அலுமினியப் படகு எதையோ சுரண்டியிருக்காங்க."

"செதில் இருந்தா என்ன, கல்லைக் கடிச்சிடுமா?"

"நாம சோடா போடுறோமே. சோடாவும் அலுமினியமும் சேந்தா காத்து கெளம்பும். மூடின பீப்பாயில அந்தக் காத்து எங்க போகும்?"

"ஒட்டிலிம்மா, நம்ம வழக்கமான தூள் வர ஆறு வாரம் ஆகும். நம்ம கல்லை ஏத்திட்டுப் போற கண்டெய்னர் ஆறு வாரம் நிக்குமா? நீயே சொல்லு."

 ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் அந்தத் தூளும் தண்ணீரும் சோடாவும் போட்டு இறுக்கி மூடி, வெயில் படும் ஜன்னலில் வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது டப்பென்று சத்தம் கேட்டது. பாட்டில் மூடி கூரைத் தகரத்தில் மோதிக் கீழே விழுந்தது. தொழிலாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் கை தட்டினான்.

லோதர் வந்து மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "சரி. வேணாம். ஓரமாப் போடு. திருப்பி அனுப்பிடறேன்."

அவர் அப்படிச் சொன்னதை அவள் நம்பினாள். அந்த வெள்ளிக்கிழமை ஒகோம்பாஹேயில் சித்தப்பாவின் அடக்கம். அவசரமாகப் பை கட்டிக்கொண்டு கிளம்பியவள், தன் கணவனின் தம்பியும் பீப்பாய்களை ஏற்றி இறக்குகிறவனுமான ஹிஸ்கியாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள். மேலாளரே வேண்டாம் என்ற பிறகு சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தாள். பாட்டில் வெடித்த நேரத்தில் அவன் ரயில் நிலையத்தில் கல் இறக்கிக்கொண்டிருந்தான் என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை லாரியிலிருந்து சாலையிலேயே இறங்கிக்கொண்டாள். கீழைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாலைவனத்தின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வரும் அந்தக் காற்று, நாய்களைக்கூடக் குரைக்க விடாது. அந்தக் காற்றையும் மீறிப் பீப்பாய்களின் சத்தம் வந்தது. அவள் நின்றாள்.

கல் உருளும் சத்தம் அவளுக்குத் தெரியும். மழை தகரத்தில் பெய்வதுபோல் இருக்கும். இது அப்படி இல்லை. யாரோ ஈரத் துணியைச் சுருட்டிச் சுருட்டித் தரையில் அடிப்பதுபோல இருந்தது. தொப். தொப். உள்ளே நுரை தள்ளி நிற்கிறது, கல் விழ இடமில்லை என்று காதே சொல்லிவிட்டது.

அவள் ஓடினாள்.

நாலு பீப்பாய்களில் மூன்று சுழன்றுகொண்டிருந்தன. வரிசையில் மூன்றாவதாக இருந்ததை நிறுத்தி, அதன் முன்னால் ஹிஸ்கியா குந்தியிருந்தான். மூடியின் விளிம்பில் சாம்பல் நிற நுரை கசிந்திருந்தது. எட்டு போல்ட்டில் அஞ்சைக் கழற்றிப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தான்.

"ஹிஸ்கியா! கைய எடு! தள்ளி வா!"

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "அண்ணி, வந்துட்டீங்களா? சாவுச் சோறு பலமா? எங்களுக்கு ஒண்ணும் கட்டிட்டு வரலியா?"

"தள்ளி வாடா முதல்ல!"

"ஏன் பதறுறீங்க? நீங்க பாத்து சரின்ன தூளுதானே. லோதர் சார் சொன்னாரே."

பேசிக்கொண்டே ஸ்பேனரை அரைத் திருப்பு திருப்பினான். அவ்வளவுதான். மூடி பறந்தது. நெருப்பு இல்லை, புகை இல்லை. ஒரு வெறும் சத்தம், அப்புறம் கொட்டகை முழுக்கச் சாம்பல் சேறும் கல்லும். ஹிஸ்கியா மூன்று கஜம் தள்ளி முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தான், யாரோ உட்கார வைத்ததுபோல. முகத்தின் இடது பக்கம் இருந்த இடத்தில் சேறும் ரத்தமும். வாயைத் திறக்கப் பார்த்தான். தாடை வரவில்லை.

"பேசாத. பேசாத கண்ணு. நான் இருக்கேன்."

கதவு ஒன்றைக் கழற்றி, அதில் அவனைக் கிடத்தி, ஒரு பிக்கப்பில் ஏற்றி ஸ்வகோப்மண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூட ஏறப் போன ஒட்டிலி, படியில் ஒரு காலை வைத்தவள், நின்றுவிட்டாள். பின்னால் தொப், தொப் என்று சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று பீப்பாய்.

மின்சாரத்தை அணைத்தாள். "பக்கத்துக் கொட்டகையில வெல்டிங்க நிறுத்தச் சொல்லுங்க. இந்தக் காத்து நெருப்புப் பட்டா பத்திக்கும், எவனும் பீடி சிகரெட்டு பத்த வைக்கக் கூடாது. எல்லாரும் தண்டவாளத்துக்கு அந்தாண்ட போங்க."

"நீ?" என்று கேட்டாள் கல் பிரிக்கும் மார்த்தினா.

"திறக்காம விட்டா ராத்திரிக்குள்ள தானா தெறிக்கும். யார் தலையில தெறிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

அவள் சாக்குகளை நனைத்து முதல் பீப்பாயின் மூடிமேல் போர்த்தினாள். மூடிக்கு எதிரே நிற்காமல் பீப்பாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, ஒரு போல்ட்டைக் கால் திருப்பு. கொஞ்சம் நிறுத்தம். எதிர் போல்ட்டைக் கால் திருப்பு. இரும்பு சூடாக இருந்தது. கன்னத்தை ஒட்டி உள்ளே ஏதோ முனகிக்கொண்டிருந்ததை அவள் கேட்டாள். பிறகு ஸ்ஸ்ஸ் என்று ஆரம்பித்தது. பூண்டு வாடை போல ஒன்று மூக்கில் ஏறியது. அந்தச் சீறல் அடங்க எத்தனை நேரமானது என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. சாக்குகளை மறுபடி நனைத்துக்கொண்டாள். அடுத்ததற்குப் போனாள். அதற்கப்புறம் இன்னொன்று.

வெளியே வந்தபோது லோதர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"நான் அப்படிச் சொல்லலை ஒட்டிலி. நீ பாத்தேன்னுதான் சொன்னேன். பாத்தேதானே? அவன் தப்பா எடுத்துக்கிட்டான்."

அவள் முகத்தைக்கூட அவர் பக்கம் திருப்பவில்லை. அவள் பார்வை மூட்டைகளை ஒதுக்கி வைத்திருந்த சுவர்ப்பக்கம் போயிற்று. இருபது மூட்டை வந்தது. பீப்பாய்க்கு இரண்டு என்றால் எட்டு. சுவரோரம் வெறும் தரை.

"மீதி பன்னெண்டு மூட்டை எங்க சார்?"

 "சனிக்கிழமையே அனுப்பிட்டேன். ஒமருருவுல அல்பெர்ட்டீனோட கொட்டகைக்கு. அவங்களுக்கும் தூள் இல்லைன்னாங்க."

"அவங்ககிட்ட என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

ஹிஸ்கியாவிடம் சொன்னதையேதான் அங்கேயும் சொல்லியிருப்பார். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

ஒட்டிலி அல்பெர்ட்டீனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூட்டைகளைக் கொண்டுபோன அதே லாரிக்காரன் கெர்சன் வாசலில் நின்றிருந்தான். சேறு காயாத உடையோடு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "ஒமருருவுக்கு விடு."

வழக்கமாக வாய் மூடாதவன் கெர்சன். அன்று ஒமருரு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஹிஸ்கியாவை நினைத்துக் கலங்கியிருக்கிறான் என்று ஒட்டிலி எண்ணிக்கொண்டாள்.

அல்பெர்ட்டீன் அவள் கோலத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் சுவிட்சை அணைத்தாள். ஒரே ஒரு பீப்பாய்தான் ஏற்றியிருந்தார்கள், அன்று காலைதான். மூடி இன்னும் உப்பவில்லை. அதையும் ஒட்டிலியே திறந்தாள்.

"மூட்டையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"இதோ. ரெண்டு போட்டாச்சு, ஏழு இருக்கு. ஒம்பதுதான் வந்துச்சு."

"பன்னெண்டுன்னாரே?"

"ஒம்பதும்மா. நானே எண்ணினேன்."

ஒட்டிலி திரும்பினாள். கெர்சன் லாரியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கெர்சன்."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா இது இப்படின்னு தெரியாது."

"மூணு மூட்டை எங்கடா?"

"வழியில டீ குடிக்க நிறுத்தினேன். ஒரு வெள்ளைப் பிக்கப்புல ரெண்டு பேரு வந்தாங்க. என்ன சரக்குன்னு கேட்டாங்க. கல்லு உருட்டுற தூளுன்னு சொன்னேன். நாங்களும் அந்தத் தொழில்தான், கொஞ்சம் குடுன்னாங்க." அவன் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க பேரைத்தான் சொன்னேன். கரிபிப் ஒட்டிலி பாத்து எடுத்த தூளுன்னு. அதக் கேட்டதும் வேற ஒண்ணுமே கேக்கல, காசக் குடுத்து மூணையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"எந்தப் பக்கம் போனாங்க?"

கெர்சன் கையை வடக்கே நீட்டினான். அந்தப் பக்கம் சாலை ஒன்று, அதிலிருந்து கிளை கிளையாக மண்பாதைகள், ஒவ்வொரு பாதையின் கடைசியிலும் ஒரு பண்ணை, ஏதோ ஒரு பண்ணையில் ஒரு கொட்டகை.

ஹிஸ்கியா பிழைத்தான். ஒரு கண் போனது, தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். பேச்சு வந்த முதல் நாள், "அண்ணி, உங்க பேரச் சொன்னாருன்னுதான்" என்று ஆரம்பித்தான். அவள் அவன் வாயைப் பொத்தினாள். தொழிலாளர் அலுவலகத்து ஆள் வந்து எழுதிக்கொண்டு போனார். லோதர் அந்த மாதமே ஊரைவிட்டுப் போனார்.

ஒட்டிலி வானொலியில் சொல்ல வைத்தாள். தேவாலயங்களில் வாசிக்க வைத்தாள். கடைகளில், பெட்ரோல் பங்குகளில் தன் கையால் எழுதி ஒட்டினாள்: கரிபிப் ஒட்டிலி பார்த்த தூள் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கெர்சனை இழுத்துக்கொண்டு வடக்குச் சாலையில் ஒவ்வொரு மண்பாதையாகப் போய் வந்தாள். பலர் தலையாட்டினார்கள். யாரும் வாங்கினேன் என்று சொல்லவில்லை.

அந்த மூன்று மூட்டையும் இன்னும் கிடைக்கவில்லை.