வலமாகச் சுற்றிய குஞ்சு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தலையில் கட்டினார்கள். அடி அண்ணாமலையில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிரே, கிரிவலப் பாதையில் மணியம்மாள் தண்ணீர் பாட்டிலும் கற்பூரமும் விற்கிறாள். போன பௌர்ணமியன்று காலை ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"சார், நீங்க கதைங்கள்ல பன்னெண்டு பேர சாவடிச்சிருக்கீங்களாமே. இத ஒண்ணு முடிச்சிக் குடுங்க."

(பதினொன்றுதான். ஒருவர் இன்னும் கோமாவில் இருக்கிறார்.)

உள்ளே ஒரு கோழிக்குஞ்சு. கழிச்சல் நோயில் கூடப்பிறந்த ஏழும் போய்விட, இது மட்டும் கழுத்து திருகிக்கொண்டு தங்கிவிட்டது. மூன்று நாளாக இரை இறங்கவில்லை. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "பொழைக்காதும்மா, கஷ்டப்படுத்தாம முடிச்சிடுங்க" என்று சொல்லிப் போயிருந்தார்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். பெட்டியைக் கடைக்கே எடுத்துப் போனாள்.

2

எனக்குத் தெரிந்த வழியில் முடித்துப் பார்க்க எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "மரணம் என்பது—"

வேண்டாம். இந்தக் கனத்தைக் குஞ்சு தாங்காது.

இரண்டாம் தொடக்கம்: "எறும்புக்கும் தீங்கு நினைக்காத மணியம்மாள்—"

சுத்தப் பொய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழி அறுப்பவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு இது மட்டும் ஏன் முடியவில்லை? எனக்கே நம்பிக்கை வராமல், கடைக்குப் போய்க் கேட்டேன்.

"கொழம்புக்குன்னா அறுத்துடுவேன் சார். சட்டில போடாத உசுர எப்படி எடுக்கறது? கை வர மாட்டேங்குது."

கறிக்கடை இளவரசனையும் கேட்டிருக்கிறாள். அவன் கத்தியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நாளைக்கு வாக்கா, பௌர்ணமில ரத்தம் பாக்க மாட்டேன்" என்று கிரிவலம் நடக்கக் கிளம்பிவிட்டானாம்.

3

கழுத்து திருகிய குஞ்சு நேராக நடக்காது. ஒரே பக்கமாகச் சுற்றும், விழும், எழும், மறுபடி சுற்றும். தண்ணீர் வாங்கக் குனிந்த தாட்சாயிணி என்ற பக்தை அதைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ, இங்க வந்து பாருங்களேன்! வலமா சுத்துது! கண்ணு மலையவே பாக்குது!"

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் திருநீறு தூவினார். இன்னொருவர் சாமந்தி வைத்தார். பூவின் பாரத்தில் குஞ்சு குப்புற விழுந்தது. "நமஸ்காரம் பண்ணுது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அது நோவுங்க. வலிக்குதுங்க அதுக்கு" என்றாள் மணியம்மாள்.

"வலி யாருக்கும்மா இல்ல? சுத்தினா தீந்துடும்" என்றார், நூற்றெட்டு பௌர்ணமி நடந்து முடித்த சகாதேவன். சொல்லிவிட்டுப் பெட்டியை மூன்று முறை வலம் வந்தார்.

(அடிக்குறிப்பு: முதல் பிரதியில் குஞ்சு இடமாகத்தான் சுற்றியது. யாரும் நிற்கவில்லை, கதையும் நகரவில்லை. நான்தான் வலமாக மாற்றினேன்.)

4

கைவசம் இருக்கும் முடிவுகள்:

டாக்டர் மறுபடி வந்து ஊசி போடுகிறார். (பௌர்ணமி நெரிசலில் அவர் வண்டி வேங்கிக்கால் ஊரைத் தாண்டாது.)

குஞ்சு பிழைத்துப் பெட்டையாகி முட்டையிடுகிறது. (எழுதிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.)

குஞ்சு தானாகவே முக்தி அடைகிறது. (எல்லாரும் காத்திருப்பது இதற்குத்தான். யார் கையிலும் கறை படாது.)

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது மணியம்மாள் பெட்டியோடு உள்ளே வந்தாள். குஞ்சின் கண்ணில் விழுந்த திருநீற்றை முந்தானையால் ஒற்றிக்கொண்டே கேட்டாள்.

"இன்னா சார், முடிச்சிட்டீங்களா?"

"இன்னும் முடிவு பிடிபடல மணியம்மா."

"உங்களுக்குப் புடிபடற வரைக்கும் இது சுத்திக்கினே இருக்கணுமா?"

சுருக்கென்றது. கும்பிட்டவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அது சுற்றுவது எல்லாருக்குமே வேண்டியிருந்தது. வேண்டாதவள் அவள் ஒருத்திதான்.

5

மணியம்மாள் குஞ்சை இரண்டு கையாலும் எடுத்தாள். உள்ளங்கைச் சூட்டில் அது சுற்றுவதை நிறுத்தியது.

"திரும்பிக்குங்க சார். யாராவது பாத்தா கை வராது."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதனால் அடுத்த வரி எனக்குத் தெரியாது, கற்பனை செய்யவும் மாட்டேன்.

நீங்களும் திரும்பிக்கொள்ளுங்கள். நன்றாக இருந்ததே என்று மூன்றாம் பகுதியை மட்டும் மறுபடி படித்துவிடாதீர்கள். படித்தால் அது மறுபடி சுற்ற வேண்டியிருக்கும்.