பூண்டு பாஸ்தாவின் ராசி

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்டரை மூடிவிட்டு சில்வினா ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தபோது அவள் கணவன் ஓஸ்வால்தோ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அவளை வரவேற்பதற்காக அல்ல. அவள் பையைத் திறந்து, க்ரீம் டப்பா பழைய கம்பெனியுடையதுதான், பாஸ்தாவும் சாய்வாக வெட்டிய அதே குழாய்ப் பாஸ்தாதான் என்று பார்த்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. வேறு எதையாவது வாங்கி வந்திருந்தால் வாசற்படியிலிருந்தே கடைக்குத் திருப்பி அனுப்பியிருப்பான்.

இந்தக் கூத்து ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. அன்றும் இப்படித்தான் ஒரு வேலை நாள். களைத்து வந்தவள் வீட்டில் இருந்ததை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று வெண்ணெயில் பூண்டை வதக்கி, க்ரீமை ஊற்றி, வெந்த பாஸ்தாவைக் கொட்டிக் கிளறினாள். காது தொலைக்காட்சிச் சத்தத்தில் இருந்ததால் பூண்டு கொஞ்சம் கருகிவிட்டது. அவள் அடுப்படிக்குள் போனபோது அவர்கள் பேட்டையின் கால்பந்து கிளப்பான சான் லூகாஸ் தோற்றுக்கொண்டிருந்தது. சட்டியோடு வெளியே வந்தபோது ஜெயித்திருந்தது. போதாதா? ஓஸ்வால்தோவும் அவன் தம்பி தீத்தோவும் கூடிப் பேசிச் சட்டம் போட்டுவிட்டார்கள். ஓஸ்வால்தோ அதே சட்டையைத் துவைக்காமல் போட வேண்டும். தீத்தோ சோபாவின் இடது கைப்பிடி மேல் உட்கார வேண்டும். மகள் அப்ரில் பூனையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், பூனைக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சில்வினா அடுப்படியில் அதே பாஸ்தாவைச் செய்ய வேண்டும், பூண்டைக் கொஞ்சம் கருகவிட வேண்டும், கடைசி விசில் ஊதும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது. பூண்டு கருகினால் ருசிக்குக் கேடு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ராசிக்கு அதுதான் உயிர் என்றான் ஓஸ்வால்தோ. அதன் பிறகு சான் லூகாஸ் தோற்கவே இல்லை.

தீத்தோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. விஷயம் கறிக்கடை, காய்கறிக்கடை, முடிவெட்டுகிற இடம் என்று பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. காய்கறிக்கடைக்காரர் அவளுக்கென்று நல்ல பூண்டாகப் பொறுக்கி எடுத்துவைக்க ஆரம்பித்தார். ஆட்ட நாளில் தெருவில் போகிறவர்கள், "அடுப்படி பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அந்த வீட்டில் கால்பந்து தெரிந்த ஒரே ஆள் சில்வினாதான். அவள் அப்பா சான் லூகாஸ் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவர். கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வளர்ந்தவள் அவள். ஓஸ்வால்தோவுக்குத் தெரிந்ததெல்லாம் கத்துவதுதான். அதை மட்டும் குறையில்லாமல் செய்வான். மகன் எசெக்கியேலுக்கு இடது காலால் உதைக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். அந்த எசெக்கியேல் இப்போது பத்தொன்பது வயதில் சான் லூகாஸ் அணியில் இருக்கிறான். இருக்கிறான் என்றால், மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் இருக்கிறான். அவன் களத்தில் இறங்காதவரை அடுப்படிச் சிறை அவளுக்குப் பெரிதாக உறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே கருகிய பூண்டைக் கிளறினாள்.

இன்றைக்கு அப்படி இல்லை. மதியம் மகன் போன் செய்தான். வலது பக்கத் தடுப்பாட்டக்காரனுக்குத் தொடை பிடித்துக்கொண்டதாம். பயிற்சியாளர் இவனை ஆரம்பத்திலிருந்தே இறக்குகிறாராம். தெற்கே, ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் போக வேண்டிய ஊரில் ஆட்டம். சமனில் முடிந்தாலே போதும், சான் லூகாஸ் மேல் பிரிவுக்குப் போய்விடும். பிறந்ததிலிருந்து அவள் அந்த அதிசயத்தைப் பார்த்ததில்லை. கவுன்டரில் வரிசை முணுமுணுக்க, அவள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, வயிற்றைக் காலியாக வைக்காதே, முதல் பந்தைச் சுலபமாகத் தட்டிவிடு, பயம் தெளிந்துவிடும் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"அம்மா, இன்னைக்கும் பாஸ்தா செய்வேல்ல?"

"செய்யறேன்டா."

"வெளிய மட்டும் வந்துராதம்மா. எனக்காக."

அவனுமா என்று அவளுக்குச் சுருக்கென்றது. வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். அதன் பிறகு மாலைக்குள் இரண்டு பேருக்கு ஊர் மாற்றி டிக்கெட் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வாக்குக் கொடுத்தாளே தவிர, வீட்டுக்குள் நுழைந்ததும் மனம் கேட்கவில்லை. முதல் ஐந்து நிமிடம் மட்டும் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டாள். தீத்தோ ஏற்கனவே கைப்பிடி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தான்.

"அண்ணி, உங்க கால்ல வேணா விழறேன். தோத்துட்டா நாளைக்கு நான் கறிக்கடைப் பக்கம் எப்படித் தலை காட்டறது?"

"உனக்குக் கறிக்கடை. எனக்குப் பெத்த புள்ளடா."

ஓஸ்வால்தோ அவளை ஓரமாக அழைத்துப் போனான். ஒல்லிக் குச்சியான அவளை அவன் குண்டம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"குண்டம்மா, இது அவன் முதல் ஆட்டம். நீ வெளிய வந்து ஏதாவது ஆயிடுச்சுன்னா ஆயுசுக்கும் அவன்தான் சுமக்கணும். ஒனக்கு அது வேணுமா?"

பகலில் கேட்டால் இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்பாள். ஆட்ட நேரம் நெருங்கினால் அவளுக்கும் பாதி நம்பிக்கை வந்துவிடும். அதுவும் போக, பேட்டையில் பீடை என்று பெயர் வாங்குவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூலைத் தெருவில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் மைதானத்துக்கு வந்த நாளெல்லாம் அணி தோற்றது என்று எவனோ கணக்குச் சொன்னதிலிருந்து காபிக் கடையில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கிறது. அவர் பெயரைக்கூட யாரும் வாயால் சொல்வதில்லை. அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். உப்பைப் போட்டாளா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறை போட்டாள். பூண்டை உரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த மறந்து, ஒரு கல்யாணத்துக்கு ஆகிற அளவு உரித்துவிட்டாள். வெண்ணெய் உருகுவதற்குள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நாலு நடை நடந்தாள். கூடத்திலிருந்து கத்தல்தான் கேட்டது, ஆட்டம் கேட்கவில்லை.

ஆட்டத்தை அவள் கேட்டது வேறு வழியில். அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், முடிவெட்டும் அன்செல்மோவின் வீடு. தொலைக்காட்சியை நம்பாத மனிதர், ரேடியோவை முழுச் சத்தத்தில் வைப்பார். இந்தச் சின்னப் பிரிவு ஆட்டங்களை எந்தச் சேனலும் காட்டுவதில்லை. அப்ரில் கம்ப்யூட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு இழுத்துவிட்ட இணைய ஒளிபரப்பு ரேடியோவைவிட ஒரு நிமிடம் பின்தங்கியே வரும். ஆகவே கோல் விழுந்ததை எப்போதும் முதலில் அறிந்தவள் சில்வினாதான். கரண்டியும் கையுமாகத் தனியாக ஒரு குதி குதித்துவிட்டு, அதன் பிறகு கூடம் அலறுவதற்காகக் காத்திருப்பாள். அவர்களிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் ஜன்னலுக்கும் ஒரு சட்டம் போடுவார்கள்.

ரேடியோக்காரர் முதல் முறையாக "எசெக்கியேல் போர்தோன்" என்று சொன்னபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதல் பந்தைச் சுலபமாகத் தட்டிவிட்டான். அதன் பிறகு ஒன்றைத் தலையால் முட்டி வெளியேற்றினான், கீழே விழாமல் ஒருவனை மறித்தான். ஒவ்வொன்றுக்கும் அவள் காலும் சேர்ந்து அசைந்தது. பூண்டு இன்று தானாகவே கருகியது.

இடைவேளையில் ஓஸ்வால்தோ கதவைத் திறந்து மூக்கை மட்டும் நீட்டினான். கருகிய வாசனை வந்ததும் திருப்தியாகத் தலையாட்டினான். பையன் எப்படி நிற்கிறான், ரொம்ப உள்ளே ஒதுங்குகிறானா, பந்து வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா என்று அவள் அடுக்கடுக்காகக் கேட்டாள். நல்லா ஆடறான், நல்லா ஓடறான் என்றான் ஓஸ்வால்தோ. கரண்டியால் ஒன்று போடலாமா என்று இருந்தது அவளுக்கு.

இரண்டாம் பாதி அவளைப் படுத்தி எடுத்தது. இரு பக்கமும் கோல் இல்லை. பாஸ்தா நேரத்துக்கு முன்பே வெந்துவிட்டது. க்ரீம் இறுகிக்கொண்டே போனது. பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இளக்கினாள். சீஸைத் துருவும்போது விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டாள். ரேடியோக்காரர் இப்போது எதிரணியின் பெயர்களைத்தான் அதிகம் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் களைத்துவிட்டான், பந்தைப் பார்க்கிறானே தவிர ஆளைப் பார்க்கவில்லை என்று அவளுக்குக் குரலிலேயே தெரிந்தது. இரண்டு முறை கதவுப் பிடியில் கை வைத்தாள். இரண்டு முறையும் மதியம் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து கையை எடுத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் பெற்ற மகன் ஓடிக்கொண்டிருக்கிறான், இந்தப் பக்கம் தான் பாஸ்தாவைக் காவல் காக்கிறோம் என்று நினைக்க நினைக்க அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். போர்தோன் காலில் பந்து என்றார் ரேடியோக்காரர். முன்னால் வழியில்லை, திரும்புகிறான், கோல்கீப்பருக்குத் தட்டிவிடுகிறான் என்றார். அப்புறம் அவர் குரல் சட்டென்று உடைந்தது. பந்து போதிய வேகமில்லாமல் போய்விட்டது, எதிரணிக்காரன் நடுவில் புகுந்துவிட்டான், கோல். அந்த வார்த்தையை அவர் இழுத்துச் சொல்லக்கூட இல்லை. அந்தப் பையன் கொடுத்துவிட்டான், சான் லூகாஸின் கனவைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டான் என்றார். எதிர்வீட்டில் நாற்காலி சரிகிற சத்தம் கேட்டது. அன்செல்மோ ரேடியோவை அணைத்தார்.

கூடத்தில் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சில்வினா யோசித்தாள் என்று சொல்ல முடியாது. கறிக்கடையும் காபிக் கடையும் கண் முன்னால் வந்தன. போர்தோன் பையன் கொடுத்துவிட்டான் என்று வருடக்கணக்காகச் சொல்லப்போகிற வாய்களும், யாரும் உட்காராத நாற்காலிக்குப் பக்கத்தில் பத்தொன்பது வயது முகமும் வந்தன. அடுப்பை அணைத்தாள். கதவைத் திறந்துகொண்டு நேராகக் கூடத்துக்குப் போய், தொலைக்காட்சிக்கு முன்னால் எல்லாரும் பார்க்க நின்றாள்.

தீத்தோ அலறினான். ஓஸ்வால்தோ உள்ளே போ, உள்ளே போ என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் நகரவில்லை. திரையில் எசெக்கியேல் ஓடிக்கொண்டிருந்தான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, ஒரு காலுறை கீழே இறங்கியிருந்தது. அவள் சொல்லிக்கொடுத்தபடியே இடது காலால் ஒரு பந்தை நிறுத்தினான். என்ன அழகாக நிறுத்துகிறான். அவன் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை. அவளைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாத அந்தக் கொஞ்ச நேரம் அவள் மகனைக் கண்ணாரப் பார்த்தாள். அப்புறம் அவன் திரும்பினான், பந்தைப் பின்னால் தட்டினான்.

கோல் விழுந்தபோது யாரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"என்ன காரியம் பண்ணிட்ட?" என்றான் ஓஸ்வால்தோ. கத்துகிறவன் அன்று கத்தவில்லை. தீத்தோ கைப்பிடியிலிருந்து சரிந்து சோபாவில் விழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனில் யார் யாருக்கோ செய்தி அனுப்பினான். கடைசி விசில் ஊதுவதற்குள் சேதி பேட்டை முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. சில்வினா வெளியே வந்துவிட்டாள். தெருவில் ஒருவன் அந்தப் பெயரைக் காறித் துப்புவது ஜன்னல் வழியாகக் கேட்டது. எசெக்கியேல் பெயரை யாரும் சொல்லவில்லை.

அவள் தட்டுகளில் பாஸ்தாவைப் பரிமாறினாள். ஆறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஓஸ்வால்தோ தட்டைத் தள்ளிவைத்தான். சரியாக அந்த நேரம் பார்த்து ஏன் வந்தாய் என்று அப்ரில் கேட்டாள். அடுப்புச் சூடு தாங்கவில்லை என்றாள் சில்வினா.

சாப்பாட்டு மேசையிலேயே போன் அடித்தது. ஓஸ்வால்தோ எடுக்கவில்லை. அவள் எடுத்தாள். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. பிறகு வந்த குரல் அவள் மகனுடையது மாதிரியே இல்லை, செத்துக் கிடந்தது.

"நான்தாம்மா. நான்தான் குடுத்துட்டேன். எல்லாரும் பஸ்ல ஏறிட்டாங்க. என்னால ஏற முடியல."

"எசெக்கியேல், நான் வெளிய வந்துட்டேன்டா."



"எப்போ?"

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அப்பாவக் கேளு, சித்தப்பாவக் கேளு. எல்லாரும் பாத்தாங்க."

"ஏம்மா? நான் அவ்வளவு சொன்னேனே."

"ஒன்னப் பாக்கணும்போல இருந்துச்சு."

அது மட்டும் பொய்யில்லை.

அவன் திட்ட ஆரம்பித்தான். கொடுத்த வாக்கை ஒரு நாள், ஒரே ஒரு நாள் காப்பாற்ற முடியவில்லையா என்றான். அவனைவிட அவளுக்கு அவள் ஆசைதான் பெரிதா என்றான். சின்ன வயதிலிருந்து அவன் அவளை அப்படிப் பேசியதே இல்லை. பேசப் பேசக் குரல் ஏறியது, தொண்டை திறந்தது, அழுகையும் கோபமுமாக அது பழையபடி அவன் குரலாகவே ஆகிவிட்டது. சில்வினா போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். திட்டுடா, இன்னும் திட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றாள்.