அடைகாத்த கணக்கு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன். இந்த மாபெரும் உண்மையை டியூஷன் வாத்தியார் தம் வீட்டுப் பின்னறையில், தோளில் துண்டும் கையில் சாக்பீஸுமாக நின்று, ஒரு மனைவிக்கும் ஒரு தம்பிக்கும் நூற்றுச் சொச்சம் முட்டைகளுக்கும் பிரகடனம் செய்தார். குறுக்கே பேசாமல் கேட்டவை முட்டைகள் மட்டும்தான்.

விஷயம் இதுதான். குஞ்சு பொரிக்கும் பெட்டியில் சூட்டுக்கம்பி அறுந்துவிட்டது. பெட்டி மனைவியுடையது. அவள் இந்த முட்டைகளை அதில் அடுக்கிய மறுவாரமே கழிச்சல் நோய் வந்து, இட்ட கோழிகள் ஒன்றுவிடாமல் செத்துப்போயின. அவள் ஆசையாக வளர்த்த இனத்தில் மிச்சம் இந்த ஓட்டுக்குள் இருப்பதுதான். பொரிய இன்னும் இரண்டு மூன்று நாள். டார்ச்சில் பிடித்துப் பார்த்தால் உள்ளே அசைந்தது.

வாத்தியார் அறுந்த கம்பியில் மீட்டரை வைத்தார். முகத்தில் ஒரு தெய்வீகக் களை படர்ந்தது.

"மின்தடை முடிவிலி!"

"அப்படின்னா போச்சுங்களா?"

"போச்சுன்னு சொல்லக்கூடாது. முடிவிலி."

"சரிங்க, முடிவிலியாவே இருக்கட்டும். சூடு இறங்குதுங்க."

அவள் வெந்நீரைப் பாட்டில்களில் நிரப்பித் துணி சுற்றி முட்டைகளுக்கு நடுவே செருகினாள். வாத்தியார் பெட்டியின் பின்பக்கத்தைத் துடைத்துப் படித்தார். இருநூற்று முப்பது வோல்ட், ஒரு ஆம்பியர். சுவரில் எழுதினார். வகுத்தால் இருநூற்று முப்பது ஓம். பெருக்கினால் இருநூற்று முப்பது வாட்.

"எல்லாமே இருநூத்து முப்பதா?" தம்பிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊரில் பாதி வீட்டு மிக்ஸியைத் திறந்து பார்த்தவன். அதில் பாதியை மூடவும் செய்தவன். "அண்ணே, விடை தெரியாத பையன் மேலே இருக்கிறதையே கீழே எழுதுவானே, அந்த மாதிரி இருக்கு."

"ஒண்ணால வகுத்தாலும் பெருக்கினாலும் அதே எண்தான்டா, மண்டு!"

"தம்பி, நீங்க கடைக்குப் போய்க் கம்பி வாங்கிட்டு வாங்க. வந்து சண்டை போடலாம்," என்றாள் அவள்.

கம்பி வந்தது. மீட்டர் இருநூற்று முப்பது ஓம் காட்டுமிடத்தில் வெட்டிச் சுற்றினார்கள். சூடு மிஞ்சினால் தானாக நிறுத்தும் சின்ன டப்பாவை வாத்தியார் கழற்றித் தரையில் வைத்தார்.

"அதை எதுக்குங்க கழட்டுறீங்க?"

"அதுக்கும் ஒரு மின்தடை இருக்கும். எவ்வளவுன்னு தெரியாது. கணக்குல அழுக்கு சேரக்கூடாது."

பெட்டி சூடேறியது. முப்பத்தேழரை டிகிரிக்குப் போகவேண்டிய வெப்பமானி முள் முப்பத்திரண்டில் உட்கார்ந்துகொண்டது; அடித்தாலும் நகரவில்லை. தம்பி மீட்டரின் முனைகளைச் சுவர் பிளக் துளைகளில் செருகினான். நூற்றறுபது வோல்ட். தெருமுனை வெல்டிங் பட்டறை பகலெல்லாம் மின்சாரத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அனுப்பும்.

"நூத்தறுபதை இருநூத்து முப்பதால வகுத்தா, ஆம்பியர் பாயிண்ட் ஏழுதான் வருது. நூத்தறுபதால பெருக்குங்க அண்ணே. நூத்திப்பன்னிரண்டு வாட். பாதிகூட இல்ல."

வாத்தியார் சரிபார்த்தார். சரியாக இருந்ததில் அவருக்கு வருத்தம்.

"அப்போ கம்பியைப் பாதியா வெட்டணும்," என்றார், தாமே கண்டுபிடித்ததுபோல. "தடை பாதியானா ஓட்டம் இரட்டிப்பு. இருநூத்திருபது வாட்டுக்கு மேல வந்துடும்."

வெட்டினார்கள். முள் நகர்ந்தது. முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம், தலைக்குமேல் மங்கிக்கிடந்த குண்டு பல்பு பளிச்சென்று பிரகாசித்தது. நல்ல சகுனம் என்று நினைத்தாள். காலையிலிருந்து ஒட்டிக்கிடந்த வியர்வைப் பிசுக்குப் போகக் குளித்துவிட்டு வரலாம் என்று போனாள்.

முன்னறையில் அண்ணனும் தம்பியும் பாதியாக வெட்டும் யோசனை யாருடையது என்பதைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டறை அன்றைய வேலையை முடித்துக் கதவை இழுத்துவிட்டதை இருவருமே கேட்டார்கள். சத்தம் நின்றதால் இன்னும் வசதியாகச் சண்டை போட்டார்கள்.

ஈரத்தலையோடு அவள் பின்னறைக்கு வந்தபோது கருகல் வாடை. முள் ஐம்பதைத் தாண்டியிருந்தது. பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்தாள். எடுத்த முட்டையைக் கையில் வைத்திருக்க முடியவில்லை; இந்த உள்ளங்கைக்கும் அந்த உள்ளங்கைக்கும் மாற்றிக்கொண்டே நின்றாள்.

"என்னங்க! தம்பி! ஓடி வாங்களேன்!"

ஓடி வந்தார்கள். விசிறினார்கள். ஈரத்துணி போர்த்தினார்கள், எடுத்தார்கள், மறுபடி போர்த்தினார்கள். அவள் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்தாள். வேறொன்றை எடுத்தாள். இன்னொன்றை.

"அசையுதா அண்ணி?"

அவள் அடுத்த தட்டை இழுத்தாள்.

வாத்தியாருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதனால் சாக்பீஸை எடுத்தார். வோல்ட் மறுபடி இருநூற்று முப்பது. தடை பாதி, நூற்றுப்பதினைந்து. ஆகவே இரண்டு ஆம்பியர். ஆகவே நானூற்று அறுபது வாட். எழுதியதைத் தம்பி ஒரு தடவை பார்த்தான்.

"எங்கேயும் தப்பே இல்லையே," என்றார் வாத்தியார் சுவரிடம், அழுதுவிடுவார்போல. "ஒவ்வொரு வரியும் சரிதானே."

சரிதான். குஞ்சு ஒன்றுகூடப் பொரியவில்லை.