கறுப்பனின் மூன்று பாட்டில்கள்

எரியோடு ஊருக்கு வெளியே உள்ள எங்கள் கொட்டகையில் ஆண்பன்றிகள் இரண்டு இருந்தன. வெள்ளையன் சீமை இனம். கோடையில் அதைச் சேர்த்தால் பெண்பன்றிகளுக்குச் சினை நிற்காது. நாட்டு இனத்துக் கறுப்பனுக்கு எந்த வெயிலிலும் நிற்கும். ஏன் என்று என் கணவர் ஞானதாஸ் வருடக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார்.

கால்நடைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் கீர்த்தனா வந்து இரண்டின் விந்தையும் எடுத்துப்போய்ப் பார்த்தாள்.

"விந்துநீர்ல இருக்குற புரதம் இனத்துக்கு இனம் மாறுதுண்ணே. உயிரணுவைப் போத்திக் காப்பாத்துற ஒன்னு கறுப்பனுக்கு அதிகம்போல. இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது."

அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக் காமராஜுக்கு விஷயம் போய்விட்டது.

"ஏப்பா ஞானதாசு, பன்னிக்குப் புரதம் பாக்குறாங்களாம்ல? தெனம் ரெண்டு முட்டை குடு."

"ஒனக்குக் குடுத்தாத்தான் மாப்ளே வீணு."

மே மாதம் ஒரு திங்கட்கிழமை கறுப்பனிடம் எடுத்த விந்தை மூன்று பாட்டில்களில் ஊற்றி, ஞானதாஸ் தெர்மாகோல் பெட்டியில் வைத்தார். வியாழக்கிழமை கீர்த்தனா வருவாள். அதுவரை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, வெள்ளைப் பெண்பன்றிக்குச் செலுத்துவாள். அன்று மாலையும் மறுநாள் காலையும் பெட்டிக்குள் குளிர்ந்த பானைத் தண்ணீரை அவரே மாற்றி வைத்தார்.

செவ்வாய் காலை கறுப்பன் பாம்பு கடித்து விறைத்துக் கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மூணு பாட்டில் இருக்கு லூர்து," என்றார் என்னிடம். "கறுப்பன் இன்னும் போகல."

குழியை வேறு யாரையும் வெட்டவிடவில்லை. உச்சி வெயிலில் சாப்பிடக் கூப்பிடப் போனேன். வெட்டிய குழிக்குள் பாதி உடம்பு சரிய அவர் கிடந்தார். மூச்சு இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து அவர் தம்பி வரவேண்டும் என்று கண்ணாடி ஐஸ் பெட்டியை வாடகைக்கு எடுத்தார்கள். கொண்டுவந்தவன் ஒயரைச் செருகிவிட்டுச் சொன்னான்:

"இந்த வெயிலுக்கு எதுவும் தாங்காதும்மா. ஐஸுல வச்சாத்தான் நிக்கும்."

எனக்கு உடனே பாட்டில்கள் ஞாபகம் வந்தன. தெர்மாகோல் பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. மாட்டு விந்தை உறையவைத்துத்தானே கொண்டுவருகிறார்கள்? மூன்று பாட்டில்களையும் பிரிட்ஜில், ஐஸ் தட்டுக்குக் கீழே வைத்தேன். அவருக்காக ஒன்றையாவது காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

புதனன்று அடக்கம் முடிந்தது. வியாழன் கீர்த்தனா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு நுண்ணோக்கியை மேசையில் வைத்தாள். நான் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து, சூடுகாட்டிப் பார்த்தாள்.

"ஒன்னுகூட அசையலக்கா."

நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்: "கறுப்பனோடது மூணு நாள் தாங்கும்னு அண்ணன் சத்தியம் பண்ணாரு. இனத்துல விசேஷம் ஒன்னும் இல்லபோல."

"பிரிட்ஜுல வச்சேன்மா" என்றேன்.

பேனா நின்றது.

"பன்னி விந்து அம்புட்டுக் குளிர் தாங்காதுக்கா. பதினேழு டிகிரியிலதான் இருக்கணும். அண்ணனுக்குத் தெரியுமே."

"அப்ப கறுப்பன் மேல தப்பில்லையா?"

"தெரியலக்கா. இனிமே தெரிஞ்சுக்கவும் முடியாது."

எழுதிய வரியை அடித்தாள். அந்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை.

அன்று மாலைவரை, பருவத்துக்கு வந்திருந்த வெள்ளைப் பெண்பன்றி, கறுப்பன் இருந்த அடைப்பின் கம்பியில் சாய்ந்து, காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. நான் அதை விரட்டவில்லை.