காற்றுப் போகாத பெட்டி

தச்சர் செய்யும் பெட்டிக்குள் எறும்புகூட நுழையாது. அந்தப் பெருமைதான் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

வீட்டுக்குக் கரண்ட் கம்பி வரவில்லை. கூரைமேல் சோலார் தகடு, அறைக்குள் சுவரோரம் தச்சர் செய்த மரப்பெட்டிக்குள் பேட்டரிகள். எலக்ட்ரீஷியனான மைத்துனன் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"அத்தான், சார்ஜ் ஏறும்போது வாயு கிளம்பும். பொறி பட்டா வெடிச்சிடும். பெட்டிக்குக் கீழ ஒரு ஓட்டை, மேல ஒரு ஓட்டை, ரெண்டும் சுவரைத் தாண்டி வெளிய திறக்கணும்."

தச்சர் தலையாட்டினார். ஓட்டைகளும் போட்டார்.

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் அந்த அறையில்தான் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். காலையில், "அம்மா, அழுகின முட்டை நாத்தம் அடிக்குது. தலை வலிக்குது" என்றாள். தச்சரின் மனைவி போய்ப் பெட்டியைத் திறந்தாள். நெடி முகத்தில் அடித்தது. ஓட்டை வழியாகத் தெரியவேண்டிய வெளிச்சம் இல்லை.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஓட்டை அசிங்கமா இருந்துச்சு. எலியும் வரும். அதான் மரத்துல கடைஞ்சு அடைச்சேன். எவ்வளவு கச்சிதம் பாரு!"

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. "கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கன்னு வருஷக்கணக்கா கத்துறேன், அதுக்கு நேரமில்ல. பேரப்பிள்ளைக்கு எமனைக் கடைய மட்டும் நேரமிருக்கா?"

"இப்ப என்ன, எடுத்துட்டாப் போச்சு." ரோஷத்தோடு டிரில்லிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். "பொறி பறக்கும்யா! அறிவிருக்கா?" கல்யாணமான நாளிலிருந்து அவரை 'யா' போட்டுப் பேசியதில்லை. அவர் மெஷினைக் கீழே வைத்தார்.

மகளையும் குழந்தையையும் வெளியே அனுப்பினாள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தாள். நெடி போகும்வரை ஒரு சுவிட்சையும் தொடவிடவில்லை. பிறகுதான் அவர் வெளியே போய் உளியும் மரச்சுத்தியலுமாக அடைப்பான்களைப் பெயர்த்தார். எலி நுழையாமல் கம்பிவலை அடித்தார். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. அப்போதும் அவள் கோபம் ஆறவில்லை.

பெயர்த்த அடைப்பான்களை அவர் துடைத்து வைப்பதைப் பார்த்ததும் பிடுங்கி அடுப்பில் போட்டாள். "அவ்வளவுதானே?"

அவர் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். தொலைந்துபோனால் வேண்டுமே என்று செய்துவைத்தாராம்.

அவள் அதை அவர் கையிலேயே வைத்து விரல்களை மூடினாள்.

"இதை எரிக்க மாட்டேன். பத்திரமா வச்சிருங்க. இன்னொரு தடவை எதையாவது அடைக்கத் தோணுச்சுன்னா, முதல்ல உங்க மூக்குல அடைச்சுப் பாருங்க."