பின் அச்சுக்குள் கிடந்த பல்

முத்தாலம்மாளின் பழைய மீன் லாரியை அவள் தம்பி துலுக்காணம்தான் ஓட்டிவந்தான். கோவளத்திலிருந்து வரும் வழியில், தாம்பரத்தை நெருங்கும்போது அது படீரென்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. அக்காவும் தம்பியும் அதைப் பக்கத்துப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

பட்டறைக்கார தனசிங் அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் பின் அச்சைப் பிரித்து, பல் உடைந்த சக்கரம் ஒன்றை எடுத்துவைத்திருந்தார். "டிஃபரன்ஷியல் பல்சக்கரம் போச்சுக்கா. புதுசுதான் போடணும்."

நல்லதை ஒளித்துவிட்டு வேறு வண்டிச் சாமானைக் காட்டுகிறாரோ என்று அவளுக்கு உறுத்தியது.

"இது என் வண்டிதுதான்னு இன்னா அத்தாட்சி?"

"நீங்களே உள்ளே கையை விட்டுப் பாருங்க."

அவள் துழாவினாள். ஓர் இரும்புத்துண்டு அகப்பட்டது. உடைந்த இடத்தில் வைத்தாள், கச்சிதமாகப் பொருந்தியது.

ஆனால் அவள் கையில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. வெறும் இரும்புத்தூள்தான் ஒட்டியிருந்தது.

"எண்ணெய் இல்லாம ஓடித்தான் பல்லு போயிருக்கு," என்றார் தனசிங்.

"மாசா மாசம் டின்னு வாங்கிக் குட்துகினுதானே கீறேன்!"

சொன்னவள் சட்டென்று தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"டின்னை இன்னாடா பண்ணே?"

"வித்துட்டேன்க்கா."

அவள் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். "புதுசே போட்டுடுங்கண்ணா," என்றாள், தனசிங்கின் முகத்தைப் பார்க்க முடியாமல்.