கணினி இல்லாத நடுவர்

ஆயர் ஈத்தாமின் அந்த அடுக்குமாடியில் வீட்டில் கணினி இல்லாத ஒரே மனிதர் தயாளன்தான் என்பது, குடியிருப்பாளர் சங்கம் மாடி மாடியாக ஆள்விட்டுத் தேடிய பிறகே தெரியவந்தது.

தேடியதற்குக் காரணம் உண்டு. சங்கத்துக்குக் கணினி ஒன்று வாங்க வேண்டும். லிஃப்ட் கெட்டால் அறிவிப்பு எழுத வேண்டும், தண்ணீர் நிற்கப்போகும் நாளைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அதற்கு வேலை. ஆனால் எந்தக் கணினி என்று பேச்சு எழுந்த அன்றே கட்டடம் இரண்டாகப் பிளந்தது. ஜன்னல் படம் போட்டதுதான் கணினி என்றார் வாசு. கடித்த பழம் போட்டதைத் தவிர மற்றதெல்லாம் வெறும் பலகை என்றார் ஷஃபீக். ஜன்னல்காரர்கள் ஏறிய லிஃப்டில் பழக்காரர்கள் ஏறுவதில்லை. பழக்காரர் வீட்டுப் பூனை, ஜன்னல்காரர் வீட்டில் வைத்த மீன்தலையை முகர்ந்துகூடப் பார்க்காமல் திரும்பியதைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதாம் மாடியில் பென்குயின் படம் போட்ட கணினிக்காரர் ஒருவரும் இருந்தார். அவரை எந்தக் கட்சியும் அழைக்கவில்லை; அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

தயாளனுக்கு எந்தக் கட்சி வென்றாலும் ஒன்றுதான். அவர் கவலையெல்லாம் மேசையைப் பற்றியது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றதிலிருந்து, மாலையானால் கீழ்த்தளத்தில் ரொஸ்னாவின் கடையில் வாசுவோடும் ஷஃபீக்கோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதுதான் அவருடைய ஒரே உத்தியோகம். இப்போது வாசு வாசலோரம், ஷஃபீக் சுவரோரம். தயாளன் அங்கே ஒரு தே தாரிக், இங்கே ஒரு தே தாரிக் என்று அலைந்தார். ஒன்றில் குறைத்துக் குடித்தால் அந்தப் பக்கத்து முகம் வாடியது.

"அண்ணே, உங்களுக்கு ரத்தத்துல சீனி இல்ல. சீனியிலதான் கொஞ்சம் ரத்தம் ஓடுது," என்றாள் ரொஸ்னா.

இந்த நிலையில்தான் சங்கத் தலைவி லோகேஸ்வரி வந்து நின்றாள். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை பார்ப்பவள். வளவளவென்று பேசுவது அவளுக்குப் பிடிக்காது.

"அண்ணே, நீங்கதான் நடுவர்."

"எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாதேம்மா."

"அதான் தகுதி. தெரிஞ்சவங்க எல்லாரும் ஏதோ ஒரு கட்சியில இருக்காங்க."

எதைச் சொன்னாலும் ஒரு நண்பர் போய்விடுவார் என்பது தயாளனுக்குப் புரிந்தது. சொல்லாமல் நழுவினால் இரண்டு பேருமே போவார்கள். சரி, பார்க்கிறதைச் சரியாகவாவது பார்ப்போம் என்று முடிவு செய்தார். அவர் ஓட்டிய பஸ்களில் ஒன்றுகூட அவருடையதல்ல. எந்தக் கம்பெனி வண்டி என்று அவர் என்றும் கேட்டதில்லை. மேட்டில் ஏறுமா, மழையில் நிற்குமா, இரண்டு கேள்விதான்.

ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் வாசுவும் ஷஃபீக்கும் தத்தம் மடிக்கணினியைக் கொண்டுவந்து எதிரெதிரே வைத்தார்கள். தயாளன் ஒற்றை விரலால் இரண்டிலும் 'லிஃப்ட் வேலை செய்யாது' என்று தட்டினார். இரண்டிலும் லிஃப்ட் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. தட்டிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்கினார். இரண்டும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"நம்மளுது தொட்டவுடனே பழகிடும் அண்ணே. படிக்காதவங்களும் ஓட்டலாம்," என்றார் ஷஃபீக்.

அந்த நேரம் பார்த்துக் கொடிமலையிலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று அறைக்குள் வந்தது. நேரே பழத்திடம் போய் நக்கிப் பார்த்தது. ருசி இல்லை. மூடியை அறைந்து சாத்திவிட்டு ஜன்னல் வழியாக வெளியேறியது.

"முதல்ல எங்ககிட்டதானே வந்துச்சு!" என்றார் ஷஃபீக்.

"கடைசியில எதை நம்பிப் போச்சு பாய்?" என்றார் வாசு.

தயாளன் குரங்கின் வாக்கைச் செல்லாது என்று ஒதுக்கினார். அது இந்தக் கட்டடத்தில் குடியிருக்கவில்லை.

பிறகு வாசுவின் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றது. "ஒரு நிமிஷம் லா," என்றார் வாசு. தயாளன் சந்தைக்குப் போய்க் கெம்போங் மீன் வாங்கி, கழுவி, குழம்பு வைத்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்தார். தொண்ணூற்றேழு சதவீதம் ஆகியிருந்தது. ஷஃபீக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, அறிவிப்பை எடுத்துக் கொடுக்கப் பென்டிரைவைச் செருகப் பார்த்தால் அவருடையதில் ஓட்டை இல்லை. அதற்கு ஒரு இணைப்பு வேண்டும். அந்த இணைப்புக்கு இன்னொரு இணைப்பு. எல்லாவற்றையும் கோத்து முடித்தபோது வால் மாடிப்படி வரை நீண்டு, யாரோ அதில் துணி காயப்போட்டிருந்தார்கள். இப்போது சிரிக்கிற முறை வாசுவுக்கு.

"சரி, அறிவிப்பைச் சுவத்துல ஒட்டணும். பிரிண்ட் எடுங்க," என்றாள் லோகேஸ்வரி.

அறையின் மூலை மேசையில் யாரோ தானமாகக் கொடுத்த பிரிண்டர் ஒன்று இருந்தது. என்ன மார்க் என்பதற்கான எழுத்தெல்லாம் தேய்ந்துபோன வண்டி. வாசு அனுப்பினார். அது உறுமிவிட்டு ஓய்ந்தது. ஷஃபீக் அனுப்பினார். அது உறுமக்கூட இல்லை.

சற்று நேரத்தில் இருவரும் மேசைக்கு அடியில் கிடந்தார்கள்.

"பாய், அந்த ஒயரைக் கொஞ்சம் ஆட்டுங்க."

"ஆட்டியாச்சு வாசண்ணே. பச்சை விளக்கு எரியுதா?"

"எரியுது. நம்மளைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி எரியுது."

"உங்களதுலேருந்து அனுப்பிப் பாருங்க. என்னுதைப் பாத்தாலே மூஞ்சைத் திருப்பிக்குது."

"அலாமாக்! என்னுது மட்டும் அதுக்கு என்ன மாமனார் வீடா? நீங்களே அனுப்புங்க."

இருட்டுவதற்கு முன் இருவரும் கையெல்லாம் மையாக எழுந்து, பேசிக்கொண்டே படியிறங்கி, பேசிக்கொண்டே ரொஸ்னாவின் கடையில் நடுமேசையில் உட்கார்ந்தார்கள். எந்த மேசை என்று இருவருமே பார்க்கவில்லை. தயாளன் மூன்றாவது நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பின்னாலேயே வந்த லோகேஸ்வரி, "அண்ணே, தீர்ப்பு?" என்றாள்.

தயாளன் தொண்டையைச் செருமினார். நடுமேசையில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது என்று பட்டது. இருந்தாலும் பார்த்ததைத்தான் சொன்னார்.

"ரெண்டும் நல்ல வண்டிதாம்மா. சங்கத்துக்கு ஜன்னல் போதும். இதுவரைக்கும் வாசு அடிச்சுக் குடுத்த அறிவிப்பெல்லாம் அதுலதான் கெடக்கு, கெட்டுப்போனா பாக்கிறதுக்கு இந்த வட்டாரத்துல ஆளும் இருக்கு. கல்யாண வீடியோ வெட்டுற வேலைன்னா பழத்தைத்தான் சொல்லியிருப்பேன். உள்ளே நோண்டிப் பாக்கிற ஆசை இருந்தா ஒன்பதாம் மாடியில போய்க் கேக்கலாம்."

சொல்லிவிட்டு ஷஃபீக்கின் முகத்தைப் பார்த்தார்.

"அது எதுவா இருந்தா என்ன தயாளண்ணே," என்றார் ஷஃபீக், தலையைத் திருப்பாமலே. "வாசண்ணே, மை காஞ்சிருக்குமோ?"

"மையில்ல பாய். உள்ளே ரோலர்லதான் கோளாறு. நாளைக்கு நான் திருப்புளி கொண்டாறேன், கழட்டிருவோம்," என்றார் வாசு. தாம் வென்றது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

லோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு, லிஃப்ட் அறிவிப்பைக் கையால் எழுதி ஒட்டப் போனாள்.

ரொஸ்னா தேநீரை வைத்துவிட்டுக் குனிந்து கேட்டாள்: "அந்த மெஷினுக்கு உண்மையிலேயே என்னதான் வந்துச்சாம் அண்ணே?"

"காகிதம் வைக்கிற தட்டு சரியா உள்ளே போகல. அவங்க மேசைக்கு அடியில போனப்பவே பாத்தேன்," என்றார் தயாளன் மெல்ல. "நீ ஒண்ணும் சொல்லிடாதே. இந்த மாசம் பூரா அது கெட்டே கெடக்கட்டும்."